அந்தப் படத்துக்கு ஒரு வரி

"கண்ணைத் திறந்து பாருங்கக்கா, எல்லாம் அதுலயே இருக்கு" என்று சொல்லிவிட்டேன் அண்ணாச்சி. போனில்தான். வேண்டுமென்று சொல்லவில்லை. கடையில் கல்யாண ஃப்ளெக்ஸ் ஒன்று அவசரமாக ஓடிக்கொண்டிருந்தது, மை வேறு தீரப் போகிறது, அந்த நேரத்தில் ஒருத்தி கூப்பிட்டு, "தம்பி, உங்க வெப்சைட்டுல உங்க கடை நம்பர் மட்டும்தான் இருக்கு, வேற ஒண்ணுமே இல்லையே" என்றால் என்ன சொல்வீர்கள்? நீங்களும் அதைத்தான் சொல்வீர்கள்.

அந்தப் பக்கம் சிரிப்பு.

"திறந்துதான் தம்பி இருக்கு. பார்வைதான் கிடையாது."

அப்படித்தான் தெய்வக்கனி அக்கா எனக்குத் தெரிய வந்தது. காயாமொழிக்காரி. பி.ஏ. படித்தவள். புதன்கிழமை மத்தியானம் கூப்பிட்டாள், வியாழக்கிழமை சாயங்காலத்துக்குள் எல்லாம் முடிந்துவிட்டது. இன்றைக்குச் சனி. நாலு நாள் கதைதான், பஸ் திருநெல்வேலி போவதற்குள் சொல்லிவிடுவேன். நீங்கள் ஜன்னல் ஓரம் வேண்டுமென்றால் வந்து உட்காருங்கள், எனக்கு எங்கே உட்கார்ந்தாலும் ஒன்றுதான்.

என் பெயர் இசக்கி. உடன்குடியில் ஒரு ஃப்ளெக்ஸ் கடையில் டிசைனர். எடுபிடி இல்லை, டிசைனர். அந்தக் கடையில் கம்ப்யூட்டர் தெரிந்தது நான் ஒருத்தன்தான், முதலாளிக்கு பில் போட மட்டும் தெரியும். பதினொன்றாம் வகுப்போடு நிறுத்திவிட்டேன். பெயில் ஆகி நிறுத்தவில்லை, பிடிக்கவில்லை, நிறுத்தினேன். எதையும் மறைக்கிற பழக்கம் எனக்குக் கிடையாது. காதுகுத்து, கோயில் கொடை, கண்ணீர் அஞ்சலி, மாலை போட்டு வரவேற்பு, எது கொடுத்தாலும் அரைமணி நேரத்தில் அடித்துக் கொடுத்துவிடுவேன்.

போன வருஷம் ஒரு அறக்கட்டளைக்காரர் வந்தார். செயலாளர் ஞானதுரை சார். அறக்கட்டளை பெயர் வேண்டாம். பார்வை இல்லாதவர்களுக்கு லேப்டாப் கொடுப்பது, குச்சி கொடுப்பது, அப்படி நல்ல காரியம் செய்கிற அறக்கட்டளைதான். எல்லா ஃப்ளெக்ஸும் நம்மிடம்தான். "வெப்சைட்டும் நீங்களே போட்டுருங்க" என்றார். எங்கள் முதலாளிக்கு இல்லை என்று சொல்லத் தெரியாது. "நம்ம இசக்கி செஞ்சுருவான் சார்" என்றுவிட்டார். நான் இரண்டு நாள் யூடியூப் பார்த்தேன். செய்துவிட்டேன்.

எப்படிச் செய்தேன் என்றால், பத்துக்கு ஆறு ஃப்ளெக்ஸ் எப்படிச் செய்வேனோ அப்படி. தங்க எழுத்து, எழுத்துக்கு நிழல், மூலையில் தாமரை, நடுவில் சார் கும்பிடுகிற மாதிரி. முழுவதையும் ஒரே படமாக மாற்றித் தூக்கி சைட்டில் வைத்துவிட்டேன். ஒவ்வொரு பக்கமும் இப்படித்தான். அறிவிப்பு என்றால் அறிவிப்பும் படம். விண்ணப்பம் போட வேண்டுமா, அதற்கு ஒரு கட்டம் கட்டமான க்யூஆர் கோடு வைத்து, ஸ்கேன் செய்யவும் என்று ஒரு அம்புக்குறி. பார்த்தவர்கள் எல்லாரும் வாயைப் பிளந்தார்கள். எழுத்தாக அடித்தது அடியில் ஒரு வரிதான். எங்கள் கடைப் பெயரும் நம்பரும். தேடினால் நம் கடை வர வேண்டும், அதை மட்டும் எழுத்தாகப் போடு என்று முதலாளி சொன்னார். போட்டேன்.

அக்கா போனில் விளக்கினாள். "என் போனுக்குள்ள ஒரு குரல் இருக்கு தம்பி. விரலை வச்சா அங்க இருக்கிற எழுத்தை வாசிக்கும். எழுத்தா இருந்தாத்தான் வாசிக்கும். உங்க சைட்டுல தடவிக்கிட்டே போறேன், படம்ங்குது, படம்ங்குது, படம்ங்குது, கடைசில உங்க நம்பரச் சொல்லுது. அதான் கூப்பிட்டேன்."

பார்த்தீர்களா, அந்த நம்பரும் இல்லாதிருந்தால் இந்தக் கதையே இல்லை.

அவளுக்கு வேண்டியது சைட்டில் போட்டிருந்த ஒரு அறிவிப்பு. கோயம்புத்தூரில் ஆறு மாதம் பயிற்சி, தங்க இடம், சாப்பாடு. முடித்தால் ஆஸ்பத்திரிகளில் டாக்டர் பேசிப் பதிந்து வைத்ததைக் கேட்டு டைப் செய்கிற வேலை. நம் மாவட்டத்துக்கு ஐந்து இடம். வயது இருபத்தேழு வரைக்கும்தான். அக்காவுக்கு வருகிற கார்த்திகையில் இருபத்தெட்டு. அடுத்த வருஷம் என்கிற பேச்சே கிடையாது. கடைசித் தேதி வியாழன், சாயங்காலம் ஐந்து மணி.

எல்லாவற்றையும் போனில் வாசித்துக் காட்டினேன். ஓடுகிற மெஷினை நிறுத்தி வைத்து வாசித்தேன் அண்ணாச்சி, அதையும் சொல்லிவிடுகிறேன். அந்த ஸ்கேன் கட்டத்தை என் போனில் ஸ்கேன் செய்து லிங்கையும் அனுப்பினேன். கட்டம் இருக்கிற போனை அதே போனை வைத்து எப்படி ஸ்கேன் செய்வது? அது எனக்கு அதுவரை தோன்றவே இல்லை. கண் தெரிகிறவனாலேயே முடியாது.

ஒரு மணி நேரம் கழித்து மறுபடி போன்.

"தம்பி, எல்லாம் போட்டுட்டேன். கடைசில படத்தில் உள்ள எழுத்துகளை இடவும்னு நிக்குது. அது என்ன எழுத்துன்னு குரல் சொல்ல மாட்டேங்குது."

அது கோணல்மாணலாக ஐந்து எழுத்து வரும் இல்லையா, மனுஷன்தானா என்று பார்க்க, அது. ஃபார்ம் கோயம்புத்தூர்க்காரர்கள் செய்து கொடுத்தது, எங்கள் சைட்டுக்குள் வைத்தது நான். அவள் திரையில் வருகிற எழுத்து எனக்கு எப்படித் தெரியும்? அவள் வீட்டில் அம்மா மட்டும்தான், அம்மாவுக்கு இங்கிலீஷ் எழுத்து தெரியாது. நான் சொன்னேன், "விவரத்தச் சொல்லுங்கக்கா, நானே இங்கருந்து போட்டுருதேன், அஞ்சு நிமிஷ வேலை."

"கம்ப்யூட்டர் வேலைக்குப் போறதுக்கு விண்ணப்பத்த இன்னொருத்தர் போட்டா நான் எதுக்குத் தம்பி? அந்த அஞ்சு எழுத்த மட்டும் யாராவது சொன்னாப் போதும். நாளைக்கு வாரேன்."

பிடிவாதம். அந்தப் பிடிவாதம் மட்டும் இல்லையென்றால் புதன்கிழமையே முடிந்திருக்கும். தப்பு என் பக்கம் மட்டும் இல்லை என்பதற்காகச் சொல்கிறேன்.

வியாழக்கிழமை மூன்றரைக்கு வந்தாள். தனியாகத்தான். கண்டக்டர் இறக்கிவிட, குச்சியைத் தட்டிக்கொண்டு கடைக்குள் வந்து, "மை வாசம் அடிக்கி, கடை இதுதான?" என்றாள். முதலாளியே எழுந்து நாற்காலி போட்டார். லேப்டாப்பை எடுத்து வைத்தாள். ஹெட்போன் ஒயர் அறுந்துபோயிருந்தது, ஸ்பீக்கரிலேயே பேசட்டும் என்றாள்.

போனில் இருக்கிற குரல் வேறு, லேப்டாப்பில் இருக்கிற குரல் வேறாம். இது என்னவோ பட்டாணி வறுக்கிற மாதிரி சடசடவென்று போகிறது. அவ்வளவு வேகம். ஒரு வார்த்தைகூட எனக்குப் புரியவில்லை. அவள் அதைக் கேட்டுக்கொண்டே டைப் செய்கிறாள். நான் பார்த்து டைப் செய்வதைவிட வேகம், உண்மையைச் சொல்ல வேண்டும் இல்லையா.

அந்த ஐந்து எழுத்து வந்தது. வாசித்தேன். ஒன்று தப்பாகிவிட்டது, கே என்றேன், அது எக்ஸ். தப்பாகப் போட்டால் அந்த ஃபார்ம் சும்மா இருக்காது, போட்டதையெல்லாம் அழித்துவிட்டு சைட்டின் முதல் பக்கத்துக்கே துரத்திவிடும். துரத்திவிட்டது. குரல் முதல் பக்கத்தைச் சடசடவென்று வாசித்தது. அக்கா ஒரு நிமிஷம் விரலை எடுத்துவிட்டு அப்படியே இருந்தாள். என்னவென்று கேட்டேன். "ஒண்ணுமில்ல" என்று மறுபடி முதலிலிருந்து டைப் செய்ய ஆரம்பித்தாள்.

நான் சும்மா இருந்திருக்கலாம். எனக்கு வாய் சும்மா இருக்காது.

"அக்கா, கொஞ்சம் மெதுவா பேச வைங்களேன், என்னதான் சொல்லுதுன்னு நாங்களும் கேக்கோம்" என்றேன்.

"மெதுவா வைக்கணுமா?" என்றாள்.

"வைங்க."

வைத்தாள்.

இப்போது ஒரு விஷயம் சொல்ல வேண்டும். ஃப்ளெக்ஸ் கடையில் ஒரு நாளைக்கு நாற்பது டிசைன் வரும். கஸ்டமர் பெயர் போட்டு சேமித்தால் அப்புறம் தேடக் கிடைக்காது, நாலு முருகன் இருப்பான், ஆறு செல்வி இருப்பாள். அதனால் எல்லாக் கடையிலும் அடையாளம் வைத்துத்தான் பெயர் போடுவோம். பல்லன், ஒட்டடை, புல்லட் மாமா, இருபது தடவை கரெக்‌ஷன் சொன்ன அத்தை. யாருக்கும் தெரியாது. அது ஃபைலுக்குள் இருக்கிற பெயர், யார் பார்க்கப் போகிறார்கள்? சைட்டில் போட்ட பிறகும் பார்க்கிறவர்களுக்கு அது தெரியாது. படத்துக்குப் பின்னால் ஒரு பெட்டி இருக்கிறது, இந்தப் படத்தில் என்ன இருக்கிறது என்று எழுதுவதற்கு. எழுதினால் அந்தக் குரல் அதை வாசிக்கும். பெட்டியையே தொடாமல் விட்டால் லேப்டாப்பில் இருக்கிற குரல் ஃபைல் பெயரை வாசிக்கும். எனக்கு இது தெரியாது. சத்தியமாகத் தெரியாது.

நாலு இருபதுக்கு ஞானதுரை சார் உள்ளே வந்தார், ஆண்டு விழா ஃப்ளெக்ஸ் பார்க்க. அக்காவைப் பார்த்ததும், "நம்ம பிள்ளையா, நல்லாருக்கியாம்மா?" என்று தலையில் கை வைத்தார். அதே நேரம் நான் இரண்டாவது தடவை எழுத்து வாசித்துக்கொண்டிருந்தேன். சாரைப் பார்த்ததில் தடுமாறிவிட்டேன், எழுத்து போட உள்ள நேரம் முடிந்துவிட்டது. ஃபார்ம் துரத்திவிட்டது. முதல் பக்கம்.

குரல் நிறுத்தி நிதானமாகச் சொன்னது. வெள்ளைக்காரன் தமிழ் பேசுகிற மாதிரி.

"கிராஃபிக். மோட்டாய். ஃபைனல். ஓகே. டூ."

சாருக்குத் தலையில் முடி கிடையாது அண்ணாச்சி.

சாரின் கை தன்னால் தலைக்குப் போனது. குரலுக்கு அதெல்லாம் தெரியுமா, அடுத்த படத்துக்குப் போய்விட்டது.

"கிராஃபிக். குருடு. த்ரீ. கிராப்."

"ஏல, யாரல மொட்டைங்க?" சார் கத்தினார்.

முதலாளி ஓடி வந்தார். "சின்னப்பய சார், விளையாட்டா வச்சுட்டான் சார்."

"உலகம் பூராப் பாக்குத சைட்டுல எனக்கு இந்தப் பேரா? ஒரு வருஷமா இதுதான் ஓடுதா? வேணும்னே ஸ்பீக்கர்ல போட்டுக் காட்டுதீங்களா, எல்லாரும் சேந்து? ஏம்மா, நீயுமா?"

அக்கா மூன்றாவது தடவை டைப் செய்ய ஆரம்பித்திருந்தாள். பெயர், அப்பா பெயர், ஊர்.

"எறக்குல சைட்ட. இப்பவே எறக்கு. என் கண்ணு முன்னாடி எறக்கு."

"சார், அரைமணி நேரம் சார், அக்கா ஃபார்ம்..." என்று சொன்னேன். சொன்னேன் அண்ணாச்சி. ஒரு தடவை சொன்னேன். கொஞ்சம் மெதுவாகத்தான் சொன்னேன்.

"அதெல்லாம் திங்கக்கிழமை ஆபீசுக்கு வரட்டும், பாத்துக்கிடலாம். நீ எறக்கு."

முதலாளி என் பிடரியில் கை வைத்தார். இறக்கினேன். சைட்டுக்குள்தான் ஃபார்ம். அதுவும் போய்விட்டது. அக்கா டைப் செய்துகொண்டே இருந்தாள், கடைசியில் பொத்தானை அழுத்தினாள். குரல் மெதுவாக, தெளிவாக, பக்கம் இல்லை என்று இங்கிலீஷில் சொன்னது.

அந்த ஒரு ஃபைல் பெயரை மாற்ற எத்தனை நேரம் ஆகும் என்று நினைக்கிறீர்கள்? பத்து வினாடி. சார் போன பிறகு முதலாளியிடம் கேட்டேன், மாற்றி ஏற்றிவிடட்டுமா என்று. "சார் ஏத்தச் சொல்லாம மவுஸ்ல கை வச்சே, கை இருக்காது" என்றார். அப்புறம் ஆண்டு விழா ஃப்ளெக்ஸை மெஷினில் போடச் சொன்னார். போட்டேன். நான் என்ன செய்ய முடியும்? சொல்லுங்கள். பாஸ்வேர்டு எனக்குத் தெரியும், அது உண்மைதான். ஆனால் என்ன செய்ய முடியும்?

"மணி அஞ்சாயிட்டா தம்பி?" என்று அக்கா கேட்டாள்.

"இல்லக்கா. நாலு நாப்பது."

"அப்ப இன்னும் இருபது நிமிஷம் இருக்கு."

"சைட்டு இல்லையேக்கா."

"ஆமா, இல்ல" என்றாள். ஆனாலும் எழுந்திருக்கவில்லை. மெஷின் ஓடுகிற சத்தத்தைக் கேட்டுக்கொண்டு ஐந்து மணி வரைக்கும் அப்படியே உட்கார்ந்திருந்தாள். ஐந்தானதும் அவளாகவே லேப்டாப்பை மூடினாள். எப்படித் தெரியும் என்று தெரியவில்லை. பள்ளிவாசல் பக்கம் ஐந்து மணி டவுன் பஸ் ஹாரன் அடிப்பான், அதை வைத்து இருக்கலாம்.

பஸ் ஏற்றிவிட நான்தான் கூடப் போனேன். முதலாளி சொல்லாமலேயே போனேன்.

"தம்பி, அந்த ரெண்டாவது படம் நான்தான?"

எனக்குப் பொய் வராது. "ஆமாக்கா" என்றேன்.

"நான் லேப்டாப் வாங்குற படம். எல்லாரும் சொன்னாங்க, உன் படம் சைட்டுல முதல் பக்கத்துலயே இருக்குன்னு."

"அக்கா, அந்தப் பேரு வந்து..."

"அத விடு. அந்தப் பேரு பொறந்ததிலருந்து கேக்கேன். முதல் தடவ அது வேகமா வாசிச்சப்பவே கேட்டுட்டேன். நீதான் மெதுவா வைக்கச் சொன்ன." குச்சியைத் தட்டிக்கொண்டே நடந்தாள். "கிராப்புன்னா என்ன?"

"வெட்டுறதுக்கா."

"எத வெட்டுன?"

"ஓரத்தக்கா."

பொய் இல்லை அண்ணாச்சி. ஓரத்தைத்தான் வெட்டினேன். ஓரத்தில்தான் அவள் முகம் இருந்தது.

போன வருஷம் சைட்டு செய்யும்போது சார்தான் போனில் சொன்னார். "அந்தப் பிள்ள கண்ணு எங்கயோ போவுது, பாக்க ஒரு மாதிரி இருக்கு. லேப்டாப்பும் கையும் தெரிஞ்சாப் போதும்." ஒரு கோட்டை இழுத்தால் வேலை முடிந்தது. இப்போது அந்தப் படத்தில் சார் முழுசாக இருக்கிறார், லேப்டாப் இருக்கிறது, அதைப் பிடித்துக்கொண்டு கண்ணாடி வளையல் போட்ட இரண்டு கை இருக்கிறது. அவ்வளவுதான்.

"அன்னைக்கு எங்க மதினி பட்டுச்சேலையக் கட்டிட்டுப் போனேன்" என்றாள் அக்கா. "பச்சைன்னு சொன்னாங்க. தலையில பிச்சிப்பூ. அந்தப் படத்துல எப்படி இருக்கேன்னு யாரும் எனக்குச் சொன்னதில்ல. நல்லாருக்குன்னு மட்டும் சொல்லுவாங்க. நல்லாருக்குன்னா என்னன்னு வச்சுக்கிடுறது?"

பஸ் வந்துவிட்டது. படியில் ஏறிக்கொண்டே சொன்னாள்: "மறுபடி சைட்ட ஏத்துவேல்ல, அப்ப அந்தப் படத்துப் பெட்டியில ஒரு வரி எழுது. என்ன இருக்கோ அத எழுது. நான் வாசிச்சுக் கேட்டுக்கிடுதேன்."

"சரிக்கா" என்றேன்.

வெள்ளிக்கிழமை காலையில் சார் ஏற்றச் சொன்னார். முப்பத்தெட்டு ஃபைலுக்கும் பெயர் மாற்றினேன். ஒன்று, இரண்டு, மூன்று. சார் தன் படத்துக்கு என்ன எழுத வேண்டும் என்று வாட்ஸப்பில் பேசியே அனுப்பினார், வள்ளல், கருணை, அப்படி மூன்று வரி. எழுதினேன். அறிவிப்பை அக்கா சொன்ன மாதிரி எழுத்தாகவே அடித்துப் போட்டேன். தேதி முடிந்த அறிவிப்பை.

அப்புறம் இரண்டாவது படம். பெட்டியைத் திறந்தேன். "செயலாளர் பயனாளிக்கு மடிக்கணினி வழங்குகிறார்" என்று அடித்தேன். அதுவும் பொய் இல்லை. அழித்தேன். "இரண்டு கைகள்" என்று அடித்தேன். அழித்தேன். முழுப் படத்தையே போட்டுவிடலாமா என்று பார்த்தேன், முதலாளி பின்னாலேயே நின்றார். முழுப் படம் என் போனில் இருக்கிறது, இதோ பாருங்கள். இந்த ஓரம். பச்சைப் பட்டு, பிச்சிப்பூ. சிரிக்கிறாள் பார்த்தீர்களா, பல் தெரிய. எல்லாரும் கேமராவைப் பார்க்கிறார்கள், அவள் மட்டும் கைதட்டு வருகிற பக்கம் திரும்பிச் சிரிக்கிறாள். இதை எப்படி ஒரு வரியில் எழுதுவது? எனக்கு எழுத வராது அண்ணாச்சி. பதினொன்றாவதிலேயே நிறுத்திவிட்டவன்.

ஏற்றியதும், முதலாளி ஒரு வாரம் கடைப்பக்கம் வராதே என்றார். அதனால்தான் சித்தி வீட்டுக்குப் போகிறேன்.

இப்போது நீங்கள் ஏறுவதற்கு முன்னால் அக்கா கூப்பிட்டாள்.

"தம்பி, சைட்டு வந்துட்டு. லேப்டாப்புல பாத்தேன். உங்க சார் படத்துக்கு மூணு வரி வாசிக்கி. அடுத்து நேரா அறிவிப்புக்குப் போயிருது. நடுவுல என் படத்த எடுத்துட்டியா?"

பெட்டியைத் திறந்து காலியாக விட்டால் படமே இல்லாத மாதிரி அந்தக் குரல் தாண்டிப் போய்விடுமாம். அதுவும் எனக்குத் தெரியாது.

"எடுக்கலக்கா, இருக்கு" என்றேன்.

"அப்ப எழுதலையா?"

"அக்கா, பஸ் சத்தத்துல ஒண்ணும் கேக்கல, அப்புறம் பேசுதேன்" என்று வைத்துவிட்டேன்.

பஸ் அப்போது ஸ்டாண்டில்தான் நின்றது அண்ணாச்சி, டிரைவர் டீ குடிக்கப் போயிருந்தார், இன்ஜினே போடவில்லை. ஒரே ஒரு வரி. என்ன இருக்கோ அத எழுது என்றாள்.

எழுதவில்லை.